மூன்று சங்குப் பால்

...இதோ இன்னொரு சொட்டு, விழுங்கிவிடு கண்ணு, அப்பன் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மூக்கில் வருகிறதா... வரவில்லை, வரவே இல்லை. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டுகிற இந்தப் பெருமாள் கைக்குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிறான் என்று தெரிந்தால், கூட வேலை செய்கிற கவுஸ் பாஷா வயிறு வலிக்கச் சிரிப்பான், சிரிக்கட்டுமே, இன்றைக்கு வெள்ளிக்கிழமை, தொழுகை நாள், தோல் பதனிடுகிற ஷாப்புக்கு லீவு, எனக்கு வேறென்ன வேலை. என் மகள் கன்னியம்மா மேலண்ணம் பிளந்தே பிறந்தவள், முலையைச் சப்ப முடியாது, சங்கில் ஊற்றினால் பாதி மூக்கு வழியே வந்துவிடும், புரையேறி முகம் நீலம் பாய்ந்து... அப்போதெல்லாம் நான் என்ன செய்தேன்? வெளியே போய் பீடி பற்றவைத்தேன். ராஜம்மாள்தான் காலை நீட்டிப் பிள்ளையை அதன்மேல் மல்லாத்திப் போட்டுக்கொண்டு, கண் பட்டுத்தான் புரையேறுகிறது என்று யாரோ சொன்னதை நம்பி, மூலை இருட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்து துளித்துளியாக ஊற்றுவாள், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, என்னைக்கூடப் பார்க்க விடமாட்டாள். பிள்ளை தேறி வளர்ந்தால் பிளவைத் தைத்துவிடலாம் என்றார் வேலூர் ஆஸ்பத்திரி வெள்ளைக்காரத் துரைசானி டாக்டரம்மா... தேற வேண்டுமே, ஐந்து மாதமாகியும் ஒரு ஈர ஆட்டுத்தோல் கனம்கூட இல்லையே, இது தங்காது என்று தெருவில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்ததே.

காலையில் ராஜம்மாள் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவள்தான், அப்படியே தூங்கிப்போனாள், பிள்ளை அழுதும் விழிக்கவில்லை, எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. சீயக்காய் போட்டு மூன்று தடவை கை கழுவினேன், தோல் நாற்றம் போனால்தானே, பிள்ளைக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவளைப் போலவே காலை நீட்டினேன், ஐயோ, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை சுண்ணாம்பு தின்ற புண், இதில் எங்கே பிள்ளையைப் போடுவது? வெளிச்சமாவது இருக்கட்டும் என்று வாசற்படிக்கு வந்து உட்கார்ந்து, பிள்ளையை நெஞ்சோடு நிமிர்த்திச் சாய்த்துத் தலையைத் தாங்கிக்கொண்டு ஊற்றினேன்... தொண்டை அசைந்தது. இரண்டாவது சொட்டு, மூன்றாவது, மூக்கு காய்ந்தே இருக்கிறது. நிமிர்த்தி வைத்தால் பால் கீழேதான் இறங்கும், இது தெரிய ஐந்து மாதமா? புண்ணே, நீ நன்றாயிரு. எழுந்து குதிக்கலாம்போல இருக்கிறது, குதித்தால் பால் சிந்தும்.

பின்னால் காலடிச் சத்தம், ராஜம்மாள் விழித்துவிட்டாள், பதறி ஓடி வருகிறாள், தெரு பார்க்கிற இடத்திலா பிள்ளைக்குப் பால் என்று வைகிறாள், வைதுகொண்டே காலிச் சங்கைப் பார்த்தவள் நின்றுவிட்டாள்.

"மூக்குல வரலையா மாமா?"

"ஒரு சொட்டு வரல. மூணு சங்கு உள்ள போயிருக்குது."

பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள், திரும்பவும் வைத்துப் பார்த்தாள், கன்னியம்மா பெரிய ஆளைப்போல ஓர் ஏப்பம் விட்டாள், அவ்வளவுதான், ராஜம்மாள் சிரித்துவிட்டாள், நானும் சிரித்தேன், இவளுக்கு ஒரு தெற்றுப்பல் இருப்பதையே மறந்திருக்கிறேன், என்ன அழகாகச் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"எனக்குப் பசிக்குது மாமா."

பசிக்கிறதாம்... இருடி, நானே போட்டு எடுத்து வருகிறேன் என்று பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன், சந்தோஷத்தில் கால் புண்கூட எரியவில்லை. அடுப்படியில் பானையைத் திறந்தேன், ராத்திரி நான் சாப்பிட்டது போக அவளுக்கென்று அடியில் ஒரு கைப்பிடி சோறுதான் கிடக்கிறது... தினமும் இவ்வளவுதான் மிஞ்சுமா? இத்தனை மாதமும் இவள் எப்போது சாப்பிட்டாள், நான் கேட்டேனா?