அத்தியைப் புதைக்கும் மாதம்

முஹ்தரம் அக்கா ஒரே முற்றத்தில் இரண்டு தோட்டம் கேட்டாள்.

"வாசல்ல வந்து நிக்கறவன் சட்டைப் பொத்தானப் போட்டுக்கணும். ஆனா உள்ள நான் காலை நீட்டி உக்காரணும். முடியுமா உஸ்தோ?"

முடியும் என்றான் லுத்ஃபுல்லோ. புகாராவின் பழைய நகரத்து வீடுகளுக்குத் தோட்டம் அமைப்பது அவன் தொழில். கைதேர்ந்த தொழில்காரனை அங்கே உஸ்தோ என்பார்கள். கட்டடக்கலைக் கல்லூரியை இரண்டாம் ஆண்டில் விட்டு ஓடியவன். அங்கிருந்து கையோடு வந்தது நேர்கோடு போடும் பழக்கம் ஒன்றுதான். மனைவியும் பிறகு அவனை விட்டுப் போய்விட்டாள். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை.

அக்காவின் வீடு அமீர்கள் காலத்து வணிகன் கட்டியது. செதுக்கிய தூண்கள், வண்ணம் தீட்டிய கூரை. சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் நகராட்சியைக் கேட்க வேண்டும். கணவர் இறந்தபின் இத்தனைக்கும் நடுவில் அவள் ஒருத்திதான்.

உப்புப் பூத்த மேல்மண்ணை வாரிக் கொட்டிவிட்டு வண்டல் நிரப்பினான். நடுவில் சின்னக் குளம், அதிலிருந்து நான்கு திசைக்கும் செங்கல் பாதை, இடையில் நான்கு சதுரப் பாத்தி. எல்லாம் நூல் பிடித்த மாதிரி. பிறகு தானே அதைக் கொஞ்சம் கலைத்தான். துளசி பாதைமேல் சரிந்து விழும்படி ஓரத்திலேயே நட்டான். செங்கல் இடுக்கில் புதினாவைச் செருகினான். பழைய திராட்சைப் பந்தலைத் தொடாமல், அதன் நிழலில் பெரிய மரக்கட்டிலைப் போட்டான்.

கடைசியாக ஆளுயர அத்திக் கன்றுகள் இரண்டைக் கொண்டுவந்தான்.

புகாராக் குளிரை அத்தி தாங்காது. நவம்பரில் உறைபனிக்கு முன் தண்டை வளைத்துத் தரையில் படுக்கவைத்து மண் போட்டு மூட வேண்டும், வசந்தத்தில் எழுப்ப வேண்டும். ஒருவர் வளைத்துப் பிடிக்க, இன்னொருவர் மண் தள்ளுவார். லுத்ஃபுல்லோ அமைத்த எல்லாத் தோட்டத்திலும் அத்தி உண்டு. நவம்பர் வந்தால் அவன் கைப்பேசி அடிக்கும். "உஸ்தோ, வந்து ஒரு கை பிடிங்க." வேலை முடிந்ததும் உட்காரவைத்துச் சோறு போடுவார்கள், உடம்பு எப்படி என்று கேட்பார்கள். மற்ற மாதங்களில் வேலை சம்பந்தமில்லாமல் அந்தக் கைப்பேசி அடித்ததில்லை.

அக்கா கன்றுகளைப் பார்த்தாள். "இது எதுக்கு?"

"பாதைக்கு ரெண்டு பக்கமும் அக்கா. காவல்காரன் மாதிரி நிக்கும்."

"நவம்பர்ல காவல்காரனப் படுக்க வைக்கணுமே. யாரு வளைச்சுப் பிடிப்பா? குளத்துத் தவளையா?"

"நான் வரேன்."

"கூப்பிட்டா வருவியா, இல்ல கூப்பிடணும்னே நடறியா?"

அவன் காதுமடல் சூடானது.

"பஜார்ல உன்ன அத்தி உஸ்தோன்னு சொல்றாங்க, தெரியுமா? எடுத்துட்டுப் போ. சீமை மாதுளை வை. அது குளிர்ல தானா நிக்கும்."

வைத்தான். அந்த இடத்துக்கு அதுதான் பொருந்தியது. அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது. பாதைக்கு நேராக அவன் போட்ட கட்டிலை அக்கா இடுப்பால் இடித்துக் கோணலாக்கினாள்.

"நேரா இருக்கட்டும் அக்கா."

"சாயங்கால வெயில் உன் நூலக் கேட்டுக்கிட்டா விழுது?"

இனி அந்த வீட்டுக்கு அவனைக் கூப்பிடக் காரணம் எதுவும் இல்லை. அத்திகளைத் தன் தரைத்தளக் குடியிருப்பின் ஜன்னலுக்கு வெளியே இருந்த மண்துண்டில் நட்டான்.

நவம்பர் வந்தது. கைப்பேசி அடிக்கவில்லை. அவனே ஒரு வீட்டைக் கூப்பிட்டுக் கேட்டான். "கூலிக்கு ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்து முடிச்சிட்டோம் உஸ்தோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றார்கள். அடுத்த வீட்டிலும் அதே மரியாதை.

இரவு உறைபனி என்று வானொலி சொன்ன மதியம், மாடி வீட்டுக்காரனைக் கூப்பிடப் போனான். கதவுக்குப் பின்னால் குடும்பமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தட்டாமல் இறங்கிவிட்டான். என்னவென்று கேட்பது? யாருடைய வீட்டிலும் அவன் உதவி கேட்டதில்லை, செய்யத்தான் போயிருக்கிறான்.

முழங்காலால் தண்டை அழுத்தி, கயிறு போட்டு இரண்டு செங்கல்லில் கட்டினான். மரம் சத்தமில்லாமல் படுத்துக்கொண்டது. மண்ணைத் தள்ளினான். அடுத்ததையும் அப்படியே முடித்தான். ஊற்றி வைத்த தேநீர்கூட ஆறவில்லை. இத்தனை வருடம் ஊரார் முற்றங்களில் தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு அவசியமே இருந்ததில்லை.

அக்காவைக் கைப்பேசியில் கூப்பிட்டான்.

"அக்கா, அத்திய ஒரு ஆளே புதைக்கலாம்."

"தெரியும். அவர் போனதுலேருந்து திராட்சைய நான் அப்படித்தான் கட்டிப் புதைக்கறேன்."

"அப்புறம் ஏன் வேணாம்னீங்க?"

"செடி மேல எனக்கு என்ன கோவம்? வருஷா வருஷம் நீ கதவத் தட்டுவியா மாட்டியான்னு காதத் தீட்டிக்கிட்டு உக்கார என்னால ஆகாது. அவர் தவறின வருஷம் ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லிச்சு, வரேன் வரேன்னு. உக்காந்து பாத்தாச்சு."

அந்தப் பக்கம் கெண்டி கொதிக்கும் சத்தம் கேட்டது.

"மூச்சு ஓட்டை விட்டியா?" என்றாள்.

ஊருக்கெல்லாம் சொல்பவன், இன்று மறந்திருந்தான். "விட்டேன்."

"பொய். காத்துப் போகலேன்னா உள்ளயே அழுகிடும். போய்க் குத்து." இணைப்பு துண்டானது.

வெளியே வந்து மண்வெட்டிப் பிடியால் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு துளை குத்தினான். வேறு வேலை இல்லை. இன்னும் இருட்டவில்லை.