நடுக்கோட்டில் நின்ற கொப்புளங்கள்

பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிறவள் அவள். ஏறுகிற பிள்ளைகளுக்கும் பஸ் அக்கா, ஏற்றிவிடுகிற அம்மாக்களுக்கும் பஸ் அக்கா. நாற்பத்தைந்து வயதாகியும் யாரும் அவளை அத்தையாக்கவில்லை. சளி, இருமல், கண்வலி என்று எது கிளம்பினாலும் முதலில் அவள் பஸ்ஸில் ஏறிவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போகும். ஆனால் அவளைத் தொடாது. அப்படிப்பட்டவளுக்கு ஒரு திங்கட்கிழமை இடது விலாவில் எரிச்சல் ஆரம்பித்தது.

வலி என்றும் சொல்ல முடியவில்லை. தோலுக்கு அடியில் யாரோ சூடான கம்பியை மெல்ல இழுத்துக்கொண்டு போவது போல இருந்தது. மேலே துணி பட்டாலே சுரீர் என்றது. ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது உயிர் போய் உயிர் வந்தது.

அவள் கணவர் எலக்ட்ரீஷியன். சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே ஒயர் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடுவார். அந்தத் தைரியத்தில் மனுஷ உடம்புக்கும் தீர்ப்பு சொல்வார். முதல் நாள் "வாயு" என்றார். மறுநாள் "சுளுக்கு" என்றார். அதற்கு அடுத்த நாள் இடது பக்கம் என்பது உறைத்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. உடனே வண்டியை எடுத்து அவளை டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ரகம். ஆனால் கை வைத்துப் பார்க்கும்போது அவசரமே கிடையாது. ஈசிஜி எடுக்கச் சொன்னார், சரியாக இருந்தது. சிறுநீர் சோதனையிலும் குறையில்லை. பிறகு பஞ்சை நூல் போலத் திரித்து, முதலில் வலது விலாவில் தடவினார், அடுத்து இடது விலாவில்.

"அம்மா!" என்று துள்ளிவிட்டாள் பஸ் அக்கா. "என்ன டாக்டர், முள்ளால கீறுறீங்க?"

"வெறும் பஞ்சுதான்." டாக்டர் குனிந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தோல் இப்போ சுத்தமா இருக்கு. ஆனா இந்த இடத்துல செவப்போ கொப்புளமோ வந்தா அன்னைக்கே ஓடி வாங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுராதீங்க."

வெளியே வந்ததும் கணவர் முனகினார். "வர்றதுக்கு முன்னாடியே வரும்னு சொல்றாங்களே, இவங்க டாக்டரா ஜோசியரா?"

வந்தது. வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முதுகுத்தண்டில் தொடங்கி, அக்குளுக்குக் கீழே வளைந்து, மார்புக்கு அடிவழியாக ஒரு சிவப்புப் பட்டை. அதன்மேல் கொத்துக்கொத்தாக, நீர் கோத்த சின்னக் கொப்புளங்கள். வலது பக்கம் ஒன்றே ஒன்றுகூட இல்லை.

பார்த்ததும் டாக்டர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அக்கி" என்றார்.

"பார்த்த உடனே எப்படிச் சொல்றீங்க?" என்றார் கணவர். நம்பாமல் இல்லை, தொழில் தெரிந்துகொள்கிற ஆசை.

"ஒவ்வொரு வைரஸுக்கும் ஒரு நடத்தை உண்டுங்க. உதட்டோரம் கொப்புளம் போடுறது ஒண்ணு இருக்கு, அது பெரும்பாலும் ஒரே எடத்துல திரும்பத் திரும்ப வரும், கொஞ்ச எடத்தோட நிக்கும். சின்னம்மைன்னா ஒடம்பு முழுக்க சிதறி வரும். ஒவ்வாமைன்னா பக்கம் பாக்காது. இது மொதல்ல எரிச்சலைக் குடுத்துட்டு அப்புறம் வெளிய வந்திருக்கு. ஒரே நரம்பு போற பாதையில மட்டும் வந்திருக்கு. இங்க பாருங்க." நெஞ்செலும்பின் நடுவே விரலைக் காட்டினார். "இந்த நடுக்கோட்டுக்கிட்ட வந்ததும் நின்னுடுச்சு."

கணவர் குனிந்து பார்த்தார். கோடு கிழித்தது போல நின்றிருந்தது. "ஒரே ஒரு லைன்ல மட்டும் ஃபால்ட்டு" என்றார் மெதுவாக. "மத்த லைனெல்லாம் நல்லா இருக்கு."

"அதேதான்" என்று டாக்டர் சிரித்தார். "இருந்தாலும் கொப்புளத் தண்ணியைத் தொட்டெடுத்து லேபுக்கு அனுப்புறேன். மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்." பஞ்சுக்குச்சியை எடுத்துக்கொண்டே கேட்டார். "சின்ன வயசுல சின்னம்மை போட்டப்போ ரொம்ப கஷ்டப்பட்டீங்களா?"

"எனக்கு அம்மையே போட்டதில்லையே."

டாக்டரின் கை நின்றது. "நல்லா யோசிச்சுப் பாருங்க. இந்த வைரஸ் வெளியிலேருந்து இன்னைக்குப் புதுசா வர்றதில்ல. சின்ன வயசுல சின்னம்மையா வந்தது, அம்மை எறங்கினதும் நரம்போட வேர்ல போய்ப் படுத்துக்கும். வருஷக்கணக்கா தூங்கும். எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் அசந்த நேரம் பாத்து, அதே நரம்பு வழியா எறங்கி வரும். மொதல்ல சின்னம்மை வராம அக்கி வராது."

"நிச்சயமா இல்லைங்க டாக்டர். நான் பிள்ளைகள் இல்லத்துல வளந்தவ. எனக்கு ஏழு வயசு இருக்கும்போது அங்க எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே நேரத்துல அம்மை போட்டுச்சு. ஒருத்தர் பாக்கியில்ல. எனக்கு மட்டும் வரல. ஒரே பாய்ல படுத்தேன், ஒரே தட்டுல சாப்பிட்டேன், வரல. அதனாலதான் அங்க எனக்கு இரும்புக்குட்டின்னு பேரு. என் பொண்ணுக்குப் போட்டப்பவும் ராத்திரி பகலா நான்தான் பக்கத்துல கெடந்தேன். அப்பவும் வரல."

டாக்டர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டினார். நிதானமாக அவள் முகத்தைப் பார்த்தார். இடது புருவத்துக்கு மேலே, கூந்தல் தொடங்குகிற இடத்தில், பயறு அளவுக்கு ஒரு சிறு குழி இருந்தது. அதைத் தொட்டார்.

"இது எப்போ வந்தது?"

"தெரியல. நெனவு தெரிஞ்ச நாள்லேருந்து இருக்கு."

"இல்லத்துக்கு எந்த வயசுல வந்தீங்க?"

"நாலு இருக்கும்னு சொல்வாங்க. ரயில் நிலையத்துல பெஞ்சில தனியா உக்காந்திருந்தேனாம். அதுக்கு முன்னாடி என்னன்னு எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது."

டாக்டர் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எல்லாருக்கும் வந்தப்போ உங்களுக்கு வராததுக்குக் காரணம் இரும்பு இல்லைங்க. உங்களுக்கு அதுக்கு முன்னாடியே வந்து போயிடுச்சு. நாலு வயசுக்கு முன்னாடி, நீங்க அந்த பெஞ்சுக்கு வர்றதுக்கும் முன்னாடி."

அந்த நாலு வருஷத்திலிருந்து பஸ் அக்காவிடம் ஒரு துணி, ஒரு படம், ஒரு பெயர் கிடையாது. ஒன்றுமே இல்லை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். பிறந்த வீட்டில் அவளோடு இருந்த ஒன்று, கண்ணுக்கே தெரியாத ஒன்று, அவளோடு பெஞ்சில் உட்கார்ந்து, அவளோடு இல்லத்துக்கு வந்து, கல்யாணம், பிரசவம், பஸ் எல்லாவற்றுக்கும் கூடவே வந்து, விலாவுக்குள் மூச்சுக் காட்டாமல் படுத்திருக்கிறது!

"அந்த வயசுக் குழந்தை கையைக் கட்டிப்போட்டாலும் சொறியும்" என்றாள், தனக்குத்தானே பேசுவது போல. "என் பொண்ணுக்கு நான் ரெண்டு கையிலயும் சாக்ஸை மாட்டிவிட்டேன். நகத்தை ஒட்ட வெட்டினேன். அப்படியும் முகத்துல நாலு தழும்பு. எனக்கு ஒண்ணுதானே இருக்கு, டாக்டர்?"

டாக்டர் அந்தக் குழியை மறுபடி பார்த்தார். "லேசா வந்து போனாலும் தழும்பு விழாது. யாரு எப்படிப் பாத்துக்கிட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாது. வந்து போச்சுன்னு மட்டும்தான் சொல்ல முடியும்."

"அது போதும்" என்றாள்.

கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பஸ்ஸைத் தொடக்கூடாது என்று உத்தரவு. ஏறுகிற பிள்ளைகளில் அம்மை போடாதவர்கள் இருப்பார்கள், மாசமாக இருக்கிற டீச்சர் ஒருவரும் வருகிறார். வீட்டில் மாத்திரையும் எரிச்சலுமாக நாள் போனது. கணவர் களிம்போடு வந்து உட்கார்ந்து, கொப்புளம் கொப்புளமாக, ஒயர் இணைக்கிற கவனத்தோடு தடவிவிட்டார். வாயாடி மனுஷன் அந்த நேரம் மட்டும் பேசவே மாட்டார். ஒரு நாள் தடவிக்கொண்டே சொன்னார்.

"பெத்தவங்க விட்டுட்டுப் போன பிள்ளை நான்னு ஒவ்வொரு சண்டையிலயும் சொல்லிக் காட்டுவியே. இனிமே அதை மட்டும் சொல்லாத. காணாமப் போன பிள்ளையாக்கூட இருக்கலாம்ல?"

அவள் மறுக்கவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

லேபிலிருந்து முடிவு வந்தது. டாக்டர் சொன்ன அதே வைரஸ். பொருக்கு உதிர்ந்து எரிச்சலும் தணிந்தபின், மருந்துக்காக அல்லாமல், ஒரு கேள்விக்காக அவள் மறுபடி போனாள்.

"அது இப்போ என்னை விட்டுப் போயிடுச்சா?"

"போகாது. திரும்பவும் வேருக்கே போய்ப் படுத்துக்கும். இன்னொரு தடவை எழாம இருக்கத் தடுப்பூசி இருக்கு, கொஞ்ச நாள் போகட்டும், போட்டுக்கலாம்."

"அது இல்ல நான் கேக்க வந்தது." துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "எனக்கு அது யாருகிட்டேயிருந்து வந்திருக்கும்?"

டாக்டர் பேனாவை வைத்தார். "மூச்சுக் காத்துல வர்ற வைரஸ் இது. ஒரே அறையில இருந்த யாராவது. அந்த வயசுக் குழந்தைக்கு அனேகமா இன்னொரு குழந்தைகிட்டேயிருந்துதான் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளையா இருக்கலாம், இல்லேன்னா..."

"கூடப்பொறந்ததா இருக்கலாம்."

"இருக்கலாம். நிச்சயம்னு சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலை அவள் பஸ்ஸை எடுத்தாள். குளிர் கூடியிருந்ததால் ஜன்னல் கண்ணாடிகளையெல்லாம் மூடியிருந்தார்கள். பஸ் அக்கா திரும்பி வந்துவிட்ட குஷியில் பிள்ளைகள் போட்ட கூச்சலில் பஸ்ஸே அதிர்ந்தது. சிக்னலில் நின்றபோது மேலே இருந்த கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ஒரு சின்ன அக்காவும் அவள் தம்பியும் ஒரே சீட்டில் நெருங்கி உட்கார்ந்து, ஜன்னலில் மாறி மாறி ஊதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மூச்சில் படிந்த ஆவியின்மேல் மற்றவர் மூச்சும் போய்ப் படிந்தது.

பச்சை விழுந்து, பின்னால் நின்ற லாரிக்காரர் கத்திய பிறகுதான் அவள் கியர் போட்டாள்.