லாச்சி மணல்

புருஷனை அடக்கம் செய்யச் சேமக்காலைக்குப் போன ஆண்கள் குடையை உதறிக்கொண்டு திரும்பியபோது, மார்கிறட் குசினிக்குள் அடுப்புச் சுவரோரம் இருந்த மரப்பெட்டியின் மணலை முழங்கை வரை துழாவிக்கொண்டிருந்தாள். ஓணான் இரண்டும் கையில் அகப்பட்டன. குளிரில் விறைத்துப்போய்க் கிடந்தன.

எகிப்துப் பக்கம் பட்டாளத்து லொறி ஓட்டப் போன அவள் புருஷன் வின்சன்ற், போன வருஷம் நெஞ்சு நிறைய இருமலோடும் பிஸ்கற் தகரப் பேணிக்குள் இந்தப் பாலைவன ஓணான்களோடும் வந்து இறங்கினான். பெண்சாதியோடு பேசியதைவிட இவற்றோடு பேசியதுதான் அதிகம். மார்கிறட்டுக்கு வயிறெரிந்தது. அவன் இல்லாத காலமெல்லாம் றெயில் சத்தத்துக்கு வாசல் படலையை எட்டிப் பார்த்தவள், அவன் வந்த பிறகும் அவன் முகத்தை எட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

வாவியின் ஈரம் இவற்றுக்கு ஆகாதென்று பெட்டியின் முதுகை அடுப்புச் சுவரோடு ஒட்டி வைத்தான். முன்பக்கம் கண்ணாடி. உன்னிச்சைக் குளத்தடியில் பொறுக்கிய கற்களையும் பட்ட மரக்கொம்பு ஒன்றையும் பக்கப் பலகைகளில் இறுக்கிவிட்டான். மணல் மட்டும் அடியில், தகரம் அடித்த, இழுத்துத் திறக்கிற லாச்சியில். லாச்சியை இழுத்து மணலை அரித்துத் தள்ளிவிட்டால் துப்புரவு முடிந்தது, ஒரு கல்லையும் அசைக்க வேண்டாம். பார்க்க அசல் பாலைவனம்தான்.

லாச்சியின் கைப்பிடியை ஏன் இவ்வளவு பதிவாக, தரையோடு வைத்தீர்கள் என்று அன்றைக்கு அவள் கேட்டாள்.

"நீ அடுப்படியில இருந்தபடியே உன்ட கைக்கு எட்டோணும்."

எனக்கு வேலை வைக்கத்தானே என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நேற்றிலிருந்து அடுப்பு அணைந்திருக்கிறது. சாவு வீட்டில் உலை வைப்பதில்லை, சோறு பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. சுவரும் சில்லிட்டுவிட்டது. மார்கிறட் விறகை எடுத்து அடுக்கினாள்.

வின்சன்றின் அக்கா பீற்றிஸ் வாசலில் வந்து நின்றாள்.

"என்னகா செய்யிறாய்? மூணு நாளைக்கு இந்த வீட்டில அடுப்பு மூட்டப்படாது. சனம் என்ன சொல்லும்?"

"சமைக்க இல்ல மச்சாள். அவர் கொண்டுவந்ததுகள் குளிருல கிடக்குதுகள்."

பீற்றிஸ் பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு பரணிலிருந்து தீ மூட்டக் காய்ந்த தென்னம் பன்னாடையை இழுத்து அவள் பக்கமாகப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அடுப்பு பற்றியது. மேலே பானை இல்லை. மார்கிறட் தன் அடுப்படிப் பலகையில் குந்தினாள். அவன் இன்னும் ஒருமுறை இந்த வாசலில் நின்று இருமினால் போதுமென்று ஏங்கினாள். கையை நீட்டினாள். கைப்பிடி சரியாக எட்டியது.

லாச்சியைக் கொஞ்சம் இழுத்து மணலுக்குள் கையை வைத்தாள். வெகுநேரம் கழித்து மணலில் சூடு ஏறியது. ஓர் ஓணான் மெல்ல நகர்ந்து வந்து அவள் மணிக்கட்டில் வயிற்றைப் பதித்துப் படுத்தது. அவள் கையை எடுக்கவில்லை.