மடுவத்துத் தராசு

தண்ணீருக்கும் எடை உண்டு என்பதால் குணமணி காலையிலிருந்து ஒரு மிடறு கூடக் குடிக்கவில்லை. வாயில் ஊறிய எச்சிலையும் லயத்துச் சாக்கடைக் கானில் போய்த் துப்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா அங்கம்மா, ரொட்டியும் சம்பலும் வைத்த தட்டோடு பின்னாலேயே அலைந்தாள்.

"ஒரு துண்டாச்சும் தின்னுடி. டிவிக்காரவுக வந்து பாத்தா வீட்டுல கஞ்சிக்கு வழியில்லன்னுல்ல நெனப்பாக."

"அவுக போகட்டும்மா. அப்புறம் திங்கிறேன்."

அங்கம்மா தட்டை மூடி வைத்துவிட்டுக் கூடையோடு கொழுந்து பறிக்கப் போனாள்.

போன வருடம்வரை நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அவளுக்குக் குண்டுமணி என்றுதான் பெயர். கொழும்பில் ஒரு தொலைக்காட்சி உடல் மெலியும் போட்டி நடத்தியபோது, பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய பெயரை யாரோ கேலிக்கு எழுதிப் போட்டார்கள். கேலி தேர்வாகிவிட்டது. தொண்ணூற்றாறு கிலோவில் போனவளை ஓடவிட்டார்கள், பட்டினி போட்டார்கள், அழவிட்டார்கள். அழுததை மெதுவாக்கிப் பாட்டுப் போட்டுக் காட்டினார்கள். ஐம்பத்தெட்டில் முதல் பரிசு வாங்கித் திரும்பியவளைப் பார்த்து லயத்துக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, நெஞ்சில் ஏதும் காசமா என்பதுதான். எல்லோரும் எலும்பாக நடமாடுகிற இடத்தில் மெலிந்ததற்குப் பரிசு கொடுத்தார்கள் என்றால் யார் நம்புவார்கள்?

சுபாஸ் மட்டும் நம்பினான். பதுளையில் துணிக்கடையில் நிற்கிற பையன். டிவியில் பார்த்துவிட்டுத்தான் பெண் கேட்டு வந்தான். அதற்கு முன் வந்தவர்களெல்லாம் வடையைத் தின்றுவிட்டுப் பதில் சொல்லாமல் போனவர்கள். சுபாஸின் அம்மா வடையைத் தொடவில்லை. "திரும்ப ஊதிட்டான்னா என்னா செய்யிறது? ஒரு வருசங் கழிச்சு மறுபடி காட்டுவாங்களாம்ல. அதப் பாத்துட்டு நாள் வைப்போம்" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். போகும்போது வாசலில் நின்று, "வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க" என்றான். முப்பத்தொரு வயதில் அவளிடம் ஒரு ஆண் அக்கறையாகச் சொன்ன முதல் வார்த்தை அது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் பசியைத் தாங்கினாள்.

ராணுவ செக்பொயின்ட்களில் இறங்கி ஏறி, டிவி வான் பதினொரு மணிக்குத்தான் வந்தது. பேட்டி எடுக்க வந்தவள் கேசினி, அப்பா அம்மா யாழ்ப்பாணமானாலும் கொழும்பிலேயே வளர்ந்த பெண். வீட்டுக் காம்பரா வாசலில் குணமணியை உட்காரவைத்துக் கெமராவுக்குள் பார்த்த கெமராக்காரன் உதட்டைப் பிதுக்கினான்.

"இங்க வச்சுப் பாத்தா இவவும் மற்ற ஆக்கள் மாதிரித்தானே இருக்கிறா. இதில என்ன கதை இருக்கு?"

குணமணியின் காதில் விழும்படியாகத்தான் சொன்னான். கேசினி சும்மா விடவில்லை. "ராத்திரியில களவாச் சாப்பிட்டிருக்கிறீங்களா அக்கா? உங்களைப் பாத்துட்டு வேண்டாம் எண்டு போன மாப்பிள்ளைமாரைப் பற்றிச் சொல்லுங்கோ. அழுகை வந்தா அடக்காதீங்கோ." குணமணி எதற்கும் அழவில்லை, சிரித்தமுகமாகவே பதில் சொன்னாள். சுபாஸின் அம்மா பார்ப்பாளே. கேசினியின் முகம்தான் வாடியது.

அப்போதுதான் கீழே மடுவத்துக் கொட்டகையில் மத்தியானக் கொழுந்து நிறுப்பது கேசினியின் கண்ணில் பட்டது. "அந்தத் தராசிலயே நிறுப்பம்!" என்று கைதட்டினாள். குணமணிக்கும் சந்தோஷம்தான். திங்கட்கிழமை கிளினிக்கில் நிறுத்தபோது ஐம்பத்தெட்டுத்தான் இருந்தாள். ஊரறிய ஒரு தடவை நிறுத்துவிட்டால் சுபாஸ் வீட்டுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

கணக்கப்பிள்ளை சிவஞானம் தலைசீவிக்கொண்டு தயாராக நின்றார். படங்குச் சாக்கைத் தொட்டில்போலக் கட்டிக் கொக்கியில் மாட்டி, அதில் அவளை ஏற்றினார்கள். கால் தரையை விட்டதும் தொட்டில் சுழன்றது. வரிசையில் கூடையோடு நின்ற பெண்கள், குண்டுமணி ஊஞ்சலாடுகிறாள் என்று சிரித்தார்கள்.

"ஆடாம யாராச்சும் புடிங்க" என்றார் சிவஞானம். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கம்மா வந்து பிடித்தாள்.

அந்த மடுவத்தில் அங்கம்மாவின் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. கொழுந்துச் சாக்கு கொக்கியில் ஏறியதும், ஆடாமல் பிடிப்பதுபோல அடியில் கை வைப்பாள். வைத்த கை மெல்லக் கீழே இழுக்கும். வெயில் காய்கிற நாளிலும் கொழுந்தில் தண்ணீர் என்று எடையைக் கழிக்கிற சிவஞானத்திடம் வேறு எப்படிப் பிழைப்பது? பெண்கள் எல்லோரும் செய்வதுதான். பிடிபட்டால் பேர் வெட்டிவிடுவார்கள், பிறகு வேலை கிடையாது.

முதுகுக்குக் கீழே படங்கு இறுகுவதைக் குணமணி உணர்ந்தாள்.

"அறுவத்தி நாலு!" என்று சிவஞானம் கூவினார்.

கேசினியின் முகம் மலர்ந்தது. "அக்கா, ஆறு கிலோ கூடியிருக்கு!"

குணமணி திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் கண் மகள்மேல் இல்லை. தராசு முள்ளின்மேல் இருந்தது. அது ஏறியதும் எல்லா நாளும் வருகிற அந்தச் சின்னத் திருப்தி முகத்தில் வந்திருந்தது. தான் செய்வது அவளுக்கே தெரியாது. அம்மா கையை எடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கெமரா அந்தக் கைக்குத் திரும்பும். சிவஞானம் பக்கத்திலேயே நிற்கிறார்.

"சொல்லுங்கோ அக்கா, களவாச் சாப்பிட்டீங்கள்தானே?"

"ஆமாங்க" என்றாள் குணமணி. "ராத்திரியில."

சொன்னதும் அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. கெமரா முகத்துக்குக் கிட்டே வந்தது. கேசினி அவள் தோளைத் தடவிக்கொண்டே, "நிப்பாட்டிப் போடாதீங்கோ, எடுங்கோ" என்று கெமராக்காரனிடம் சொன்னாள்.

"தின்னியா? கொலப் பட்டினியா கெடக்குறாளேன்னு பயந்துகிட்டுல்ல இருந்தேன்" என்றாள் அங்கம்மா. அவளுக்கு ஒரே சந்தோஷம். "அழாதடி. தின்னதுக்கு எவளாச்சும் அழுவாளா?"

குணமணி இறங்கக் காலை நீட்டினாள். கெமராக்காரன் கையைக் காட்டித் தடுத்தான்.

"முள்ளு வடிவாத் தெரியேல்லை. இன்னொருக்கா எடுப்பம். அம்மா, நீங்களும் முந்திப் பிடிச்ச மாதிரியே பிடியுங்கோ."

சிவஞானம் மறுபடியும் தலையைச் சீவிக்கொண்டார். அங்கம்மா கையை முந்தானையில் துடைத்துவிட்டு, படங்கின் அடியில் வைத்தாள்.