மாதாவுக்கு நேர்ந்த முடி

எண்ணூர் கழிமுகத்துக் குப்பத்தில் ஃப்ளோராவின் கூந்தல்மேல் யாரும் கைவைக்க முடியாது. கணவன் ஜெரி தலை துவட்டிவிட வந்தால்கூட, "மெதுவாய்யா, ஒண்ணு கொட்டுனாலும் மாதா கேக்கும்" என்று விரட்டுவாள். தங்காமல் தங்காமல் போன வயிறு இந்தத் தடவை தங்கினால், பிள்ளையோடு வந்து மொட்டை போடுகிறேன் என்று வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருந்தாள். தங்கியும்விட்டது. அவள் நடையைப் பார்க்க வேண்டுமே, தேர் அசைவதுபோல!

அவளிடம் போய் முடி கேட்டாள் எழில்மொழி. சுற்றுச்சூழல் ஆராய்ச்சி செய்கிறவள். கழிமுகத்துச் சேற்றையும் மீனையும் டப்பா டப்பாவாகக் கொண்டுபோய் அதில் பாதரசமும் ஈயமும் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, இப்போது அந்த மீனைச் சாப்பிடுகிற மனிதர்களிடம் வந்திருந்தாள். உடம்பில் ஏறுகிற பாதரசம் முடியில் தங்கும். பிடரியில் ஒரு கொத்து வெட்டினால் தெரிந்துவிடும்.

"என் முடி இன்னாத்துக்குக்கா? மீனை அறுத்துப் பாரேன்."

"மீனைப் பாத்தாச்சு. இப்ப உன் வயித்துல இருக்கறதுக்காகக் கேக்கறேன். பாதரசம் குழந்தையோட மூளைக்குப் போயிடும் ஃப்ளோரா."

கொடுக்கவும் பயம், மறுக்கவும் பயம். "வெக்கமா கீதுக்கா. உள்ள போயி நானே வெட்டியாரேன்."

தெருவில் எல்லோருக்கும் தன் கையாலேயே வெட்டிய எழில்மொழி, பிள்ளைத்தாய்ச்சியை எதற்கு வற்புறுத்துவது என்று கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டாள். உள்ளே போன ஃப்ளோரா, கல்யாணத்துக்கு டோல்கேட் கடைத்தெருவில் வாங்கிய சவுரிமுடியை ஆணியிலிருந்து இறக்கினாள். அதில் ஒரு கொத்து நறுக்கி, நூல் கட்டி, நல்ல பிள்ளையாகக் கொண்டுவந்து நீட்டினாள். மாதாவுக்கும் குறையில்லை, அக்காவுக்கும் குறையில்லை.

முடிவு வரும்வரை பாதரசம் அதிகம் சேரும் பெரிய மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன எழில்மொழி, ஒரு காலையில் ரயிலை விட்டு இறங்கி, மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"ஃப்ளோரா! தெருவுல எல்லாருக்கும் ஏறியிருக்கு, உனக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல! அப்படி என்னதான் சாப்பிடறே நீ?"

ஜெரிக்குக் கால் தரையில் இல்லை. "அப்ப சுறா வாங்கலாமா மேடம்? புட்டு செஞ்சு துன்னா பால் நல்லா ஊறும்னு எங்கம்மா சொல்லிகினே கீது."

"இந்த ரிசல்ட்டுக்கு, சாப்பிடலாம்…" என்று அவள் இழுப்பதற்குள் பையோடு வாசல் தாண்டிவிட்டான்.

ஃப்ளோரா வாசலையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் சுறாவில் இருப்பதெல்லாம் நேரே பிள்ளைக்குப் போகும். உள்ளேயிருந்து பிள்ளை ஓர் உதை விட்டது.

"யோவ், நில்லுய்யா!"

உள்ளே போய்ச் சவுரியை எடுத்துவந்து எழில்மொழியின் மடியில் போட்டாள். "நீ டெஸ்ட் பண்ணது இத்தைத்தான்க்கா. எந்த ஊர்ல சாம்பாரு துன்னவளோ, யாரு கண்டா."

ஜெரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். "அடிப்பாவி! ஒரு சவுரிக்கா நான் சுறா வாங்க ஓடிகினு இருந்தேன்?"

எழில்மொழி சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "தப்பு என்னுதும்தான். நானே வெட்டியிருக்கணும். நேர்ந்த முடி வேணாம், ரத்தம் எடுத்துப் பாக்கலாம்."

"எதுலக்கா நல்லாத் தெரியும்?"

"ரத்தம் சமீபத்துல சாப்பிட்டதைச் சொல்லும். முடிதான் மாசக்கணக்குக்குச் சொல்லும்."

ஃப்ளோரா முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். "வெட்டு. பின்னால வெட்டு. மாதா முன்னாலதான் பாக்கும். மிச்சம் இருந்தா குடுத்துடு, கோயில்ல சேத்துடறேன்."

"டெஸ்ட்டுல ஆசிட்ல கரைஞ்சிடுமேடி."

"கரையட்டும். புள்ளைக்காகத்தானே."

இந்தத் தடவை முடி பொய் சொல்லவில்லை. ஏறித்தான் இருந்தது. பயந்து சாகிற அளவு இல்லை. அலட்சியமாக விடுகிற அளவும் இல்லை. கழிமுகத்து மீனும் சுறாவும் நின்றன. கடலிலிருந்து வரும் நெத்திலி மட்டும் குழம்புக்கு வந்தது. மாமியார் முணுமுணுத்துக்கொண்டே பூண்டை உரித்துப் போட்டாள். பால் அதிலும் ஊறியது.

பெண் பிறந்தாள். வேளாங்கண்ணியில் மொட்டை அடிக்கிறவர் ஃப்ளோராவின் பிடரியைத் தடவி, "இங்க ஏற்கெனவே கத்தரி பட்டிருக்கே?" என்றார்.

"அது அட்வான்ஸுண்ணா" என்றாள் ஃப்ளோரா.

பிள்ளைக்கு மொட்டை அடிக்கும்போது மட்டும் ஒரு கொத்தைக் கேட்டு வாங்கி, நூல் கட்டிக் காகிதத்தில் மடித்தாள். "இது எங்க அக்காவுக்கு."

"புள்ளையுதுதானே?" என்றான் ஜெரி. "நல்லாப் பாத்துக்கோ."