காலியாக விட்ட கட்டம்

மெழுகுக்காரி என்பது நாத்தனார் வைத்த பெயர். வைத்தது கேலிக்கு, ஒட்டிக்கொண்டது நிஜமாக. சமையலறையில் பாதியைக் குடும்பத்துக்கும் மீதியை மெழுகுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஆறு வருஷமாக வாசனை மெழுகுவத்தி ஊற்றி விற்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

அவளிடம் ஒரு நோட்டு உண்டு. கலவைக்கு ஒரு வரிசை. சோயா மெழுகு எவ்வளவு, தேங்காய் மெழுகு எவ்வளவு, வாசனை எண்ணெய் எத்தனை சொட்டு, திரி எந்த நம்பர் என்று எழுதிவிட்டு, கடைசியில் மூன்று கட்டம் போட்டிருப்பாள்: மேல், நடு, அடி. கிளாஸ் நிறைய இருக்கும்போது எப்படி எரிந்தது, பாதியில் எப்படி, தீரும்போது எப்படி என்று குறிப்பதற்கு. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் ஏற்றுவாள். அணைத்து, ஆறவிட்டு, திரியின் நுனிக் கரியைக் கத்தரித்து, மறுநாள் மறுபடியும். ஒரு கிளாஸ் தீரப் பத்து நாளாகும். அதுவரை அந்தக் கலவையில் ஒன்றுகூட வாசல் தாண்டாது.

"பொண்ணு குடுக்கிறவங்ககூட மாப்பிள்ளையைப் பத்தி இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க" என்பார் வீட்டுக்காரர்.

நாத்தனார் அவருக்கு மூத்தவள். தையல்கடை வைத்திருக்கிறாள். கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். "கரண்ட் இருக்கிற ஊர்ல மெழுகுவத்தி வாங்குறதுக்கும் ஆளு இருக்கா?" என்று ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரு நாள் வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்.

"கடையைப் பெரிய இடத்துக்கு மாத்துறேன். பழைய வாடிக்கைக்காரங்க பன்னிரண்டு பேருக்கு ஏதாவது குடுக்கணும். உன் மெழுகையே குடுத்துடலாம்னு பார்க்கிறேன்."

"உங்களுக்கும் ஒண்ணு சேர்த்து ஊத்தவா, அண்ணி?"

"எனக்கெதுக்கு? எங்க வீட்டுல கரண்ட் இருக்கு."

அப்படிச் சொன்னாலும் மெழுகுக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மனுஷி வாயால் ஒரு 'பரவாயில்லை' கேட்டுவிட வேண்டும் என்பது அவளுடைய ஆறு வருஷத்து ஆசை. வழக்கமான கலவையைத் தொட மனசு வரவில்லை. புதிதாக ஒன்று செய்து பார்த்துக்கொண்டிருந்தாள்: சோயா பத்துப் பங்கு, தேங்காய் மூன்று பங்கு. மூடியைத் திறந்தாலே கூடம் மணத்தது. ஆனால் எட்டாம் நம்பர் திரி போட்டால் ஓரத்து மெழுகு உருகாமல் சுவர் மாதிரி நின்றது, நடுவில் கிணறு விழுந்தது. அதைவிடத் தடித்த பத்தாம் நம்பர் போட்டாள். ஆஹா! மூன்று மணி நேரத்தில் மேல்பரப்பு முழுக்க இளகிவிட்டது, துளிப் புகை இல்லை. மேல்: நன்று. நடு: நன்று.

அடிக்கு இன்னும் நாலைந்து நாள் எரிக்க வேண்டும். நாள்தான் இல்லை. ஊற்றிய மெழுகு இரண்டு வாரம் மூடிக் கிடந்தால்தான் வாசனை பிடிக்கும். கடை திறக்கும் சனிக்கிழமையிலிருந்து பின்னால் எண்ணிப் பார்த்தால் அன்றைக்கே ஊற்றியாக வேண்டும். மேலே ஒழுங்காக எரிந்தது, நடுவிலும் எரிந்தது, அடியில் மட்டும் என்ன குடிமுழுகிப் போகும் என்று நினைத்தாள். பன்னிரண்டையும் ஊற்றினாள். 'அடி' என்ற கட்டம் காலியாகவே இருந்தது.

புதன்கிழமை பெட்டி தையல்கடைக்குப் போய்விட்டது. சோதனைக்கு வைத்திருந்த பாதிக் கிளாஸ், ஊற்றிய அவசரத்தில் மறந்துபோய் அலமாரியிலேயே கிடந்தது. கிளாஸாவது மிஞ்சட்டும் என்று அந்த வாரம் தினமும் அதை ஏற்றித் தீர்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது 'டப்' என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் கிளாஸ் மேலிருந்து கீழே பிளந்து, மெழுகு தட்டெல்லாம் ஓடி, திரி இன்னும் ஒரு சாண் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு விரல் மெழுகுதான் மிச்சமிருந்திருக்கும். மேலே சாதுவாக எரிந்த பத்தாம் நம்பர், குழிக்குள் சூடு வெளியேற இடமில்லாமல் அடியில் ஆட்டம் போட்டுவிட்டது.

வீட்டுக்காரர் ஆற அமர யோசித்து ஒரு வழி சொன்னார். "யாரு அடிவரைக்கும் எரிக்கிறாங்க? பாதிப் பேர் ஷோகேஸ்ல வச்சுடுவாங்க. 'ரெண்டு விரல் இருக்கும்போதே அணைக்கவும்'னு ஒரு சீட்டு எழுதி ஒட்டிடு. அக்காவுக்கு ஒண்ணும் தெரியப்போறதில்லை."

அவள் காகிதம் எடுத்துப் பன்னிரண்டு சீட்டு வெட்டவும் செய்தாள். ஐந்து எழுதிவிட்டாள். ஆறாவதில் பேனா நின்றது. யாரோ ஒருத்தி இதைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் ஏற்றிவைத்துவிட்டு உள்ளே போன் பேசப் போவாள். சீட்டைப் படித்துக்கொண்டா உட்கார்ந்திருப்பாள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது. உண்மையைச் சொல்லப்போனால் அவளுக்கு நெருப்பைவிட நாத்தனாரிடம்தான் பயம் அதிகம். அது தெரிந்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் போனாள். புதுக் கடையில் பெயின்ட் வாடை. நாத்தனார் கழுத்தில் அளவு நாடாவோடு, வாடிக்கைக்காரப் பெண்கள் இரண்டு பேருக்கு ஒரு கிளாஸைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் வந்து நின்றவளைக் கவனிக்கவில்லை.

"என் தம்பி பொண்டாட்டி செஞ்சது. கடைச் சரக்குன்னு நினைக்காதீங்க. ஒவ்வொண்ணையும் எடை போட்டு, நோட்டுல எழுதி, அடிவரைக்கும் எரிச்சுப் பார்த்துட்டுத்தான் வெளியவே குடுப்பா. அவ சுத்தம் எனக்கே வராது."

ஆறு வருஷம் காத்திருந்த வார்த்தை. வந்ததுதான் வந்தது, இந்த வேளை பார்த்தா வர வேண்டும்? மெழுகுக்காரிக்கு அழுகை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"அண்ணி, இதை மட்டும் அடிவரைக்கும் எரிச்சுப் பார்க்கலை. நேத்து பார்த்தேன். கிளாஸ் வெடிச்சிருச்சு. பன்னிரண்டையும் எடுத்துட்டுப் போக வந்தேன்."

வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் மூடியைத் திருகி மூடினாள்.

"நாளைக்குக் கடை திறப்பு. இன்னைக்கு வந்து சொல்றே."

"நேத்துதான் தெரிஞ்சது, அண்ணி."

"தெரியாமலே குடுத்தேல்ல?"

மெழுகுக்காரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்குப் பூராவும் நாத்தனார் வெட்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுப் பன்னிரண்டு கைப்பைகள் தைத்தாளாம், கண்ணெல்லாம் சிவந்துவிட்டதாம். வீட்டுக்காரர் வந்து சொன்னார். திறப்பன்று மெழுகுக்காரியும் போனாள். எல்லாரிடமும் பேசிய நாத்தனார் இவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்பதாம் நம்பர் திரி வாங்கினாள். ஊற்றி, இரண்டு வாரம் விட்டு, ஏற்றினாள். யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் செய்தாள். பத்தாவது நாள் காலையில் தீப்பெட்டியை எடுக்கும்போது வாசலில் நாத்தனார். கையில் ஒரு பை நிறைய கொக்கி வைக்க வேண்டிய ரவிக்கைகள்.

"இன்னைக்கு அடிதானே? தம்பி சொன்னான். இருந்து பார்த்துட்டுப் போறேன்."

ஊருக்கெல்லாம் இவளுக்காக வாக்குக் கொடுத்தவளுக்கு, இனி இவள் வாய்ச்சொல் போதாது. வலித்தது. ஆனால் நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது.

இரண்டு பேரும் மேஜைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி கொக்கி தைத்தாள், ஒருத்தி சுடரைப் பார்த்தாள். இரண்டு விரல் வந்தது. சுடர் எழும்பவில்லை. ஒரு விரல், அரை விரல். கடைசியில் திரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, தானாக அணைந்தது. நாத்தனார் எழுந்து கிளாஸைத் தொட்டுப் பார்த்தாள், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கீறல் இல்லை.

பிறகு நோட்டை இழுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். பத்தாம் நம்பர் திரியின் வரிசையில் எழுதியிருந்தது: 'அடி: வெடித்தது. பார்க்காமல் கொடுத்தேன்.'

"இதை எதுக்கு எழுதி வச்சிருக்கே? கிழிச்சுப் போட்டா யாருக்குத் தெரியும்?"

"கிழிச்சா எனக்கே மறந்துடும், அண்ணி."

நாத்தனார் நோட்டை மூடவில்லை. இன்னொரு தடவை அதே வரியைப் படித்தாள்.

"சரி. பதிமூணு ஊத்து."

"வாடிக்கைக்காரங்க பன்னிரண்டு பேர்தானே?"

"எனக்கு எண்ணத் தெரியாதா? ஒண்ணு எங்க வீட்டுக்கு."

"உங்க வீட்டுலதான் கரண்ட் இருக்கே" என்று வாய் தவறி வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நாத்தனார் நூலைப் பல்லால் அறுத்தாள். "இருக்கு. இருந்தா என்னடி? ஊத்து."

மெழுகுக்காரி பேனாவை எடுத்து, ஒன்பதாம் நம்பர் வரிசையில் காலியாக இருந்த 'அடி' கட்டத்தில் 'நன்று' என்று எழுதினாள்.