ஒரு வரி குறைந்த பத்திரம்

"இன்னும் கிளம்பலையா? பதிவு ஆபீஸ்ல பதினோரு மணிக்கு டோக்கன்." அண்ணன் நாலாவது தடவையாக அறை வாசலில் வந்து நின்றான்.

தங்கை கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். புருஷனை விட்டு வந்த நாளிலிருந்து பத்து வருடமாக இதுதான் அவள் அறை. அப்பா உயில் எழுதாமல் போனதால் வீட்டில் அவளுக்கும் சரிபாதி உண்டு. அந்தப் பாதியை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று எழுதித் தருவதற்குச் சட்டத்தில் விடுதலைப் பத்திரம் என்று பெயர். பெயர் வைத்த புண்ணியவானைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்கலாம்.

"கையெழுத்துப் போட்டா இங்கேயே இரு. இல்லைன்னா பெட்டியைக் கட்டு" என்று போன வாரம் அண்ணன் சொன்னான். "குடும்பத்துல இதெல்லாம் சகஜம்தானே" என்று அண்ணி ஒத்து ஊதினாள். தங்கை பத்திர எழுத்தரிடம் டைப்பிஸ்ட். அதனால் அவள் பத்திரத்தை அவளையே டைப் அடிக்கச் சொல்லிவிட்டார்கள். கல் நெஞ்சுக்காரர்கள்.

பதிவு அலுவலகத்தில் கால் வைக்க இடமில்லை. சார்பதிவாளர் தாள்களைப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"'யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனதுடன்'னு ஒரு வரி வருமே, எங்கம்மா?"

"நான் அடிக்கலை சார்."

"மறந்துட்டா சார்" என்று அண்ணன் முந்திக்கொண்டான். "ஒரு வரிதானே, இப்பவே அடிச்சுடுவா."

"மறக்கலை" என்றாள். "கையெழுத்துப் போடலைன்னா வீட்டை விட்டுப் போகச் சொன்னாங்க சார். அப்புறம் அந்த வரியை எப்படி அடிக்கறது?"

சார்பதிவாளர் பேனாவை மூடினார். "இதை நான் பதிய முடியாது."

"வீட்டுக்கு வா, பேசிக்கறேன்" என்று அண்ணன் பல்லைக் கடித்தான்.

"வரேன். என் வீடுதானே."

பெஞ்சில் அடுத்த டோக்கனோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய தம்பிகள் இருவர். அவள் தங்கையின் கையைத் தொட்டாள். "எங்க பத்திரமும் உங்க கடையிலதான் எழுதினாங்க. அந்த வரி அதுல இருக்காம்மா?"

தங்கைக்கு முகம் சுண்டிப்போனது. இதுவரை எத்தனை பெண்களுக்கு அந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருக்கிறாள்.

"இருக்குக்கா. நான்தான் அடிச்சேன்."

அந்தப் பெண் பெரிய தம்பியிடம் கையை நீட்டினாள்.

"அதைக் கொஞ்சம் குடு. படிச்சுப் பார்க்கறேன்."